நிராகரிக்கட்டும், காரணத்தை எழுதித் தரட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கைப்பேசிச் செயலிகளை வெளியிட முயலும் சிறு நிறுவனங்களைப் பற்றித் தங்கள் நாளிதழின் வணிகப் பக்கத்தில் அண்மையில் வந்த கட்டுரையையும், அதைத் தொடர்ந்து வெளியான வாசகர் கடிதங்களையும் படித்தேன். ஆப்பிளின் ஆப் ஸ்டோரும் கூகுளின் ப்ளே ஸ்டோரும் நம் ஊர் இளைஞர்களின் செயலிகளை வேண்டுமென்றே திருப்பி அனுப்புகின்றன என்ற தொனி அவற்றில் பரவலாக இருந்தது. கோவையில் கடைகளுக்கும் பள்ளிகளுக்கும் பயிற்சி மையங்களுக்கும் செயலி செய்துகொடுக்கும் ஒரு சிறு குழுவில் பல ஆண்டுகளாகப் பணிபுரிபவன் என்ற முறையில், அந்தத் தொனியோடு என்னால் பாதிதான் உடன்பட முடிகிறது. ஒரு செயலியை ஏற்க மறுப்பது அந்த நிறுவனங்களின் உரிமை. பல நேரங்களில் கடமையும்கூட. மறுத்த பிறகு அவை எப்படி நடந்துகொள்கின்றன, அப்போது சிறு நிறுவனத்துக்கு நம் நாட்டுச் சட்டம் என்ன துணை செய்கிறது என்பவைதான் கேட்க வேண்டிய கேள்விகள்.

நமக்கு மட்டும் நேர்வதல்ல இது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஆப்பிள் வெளியிட்ட 2022-ஆம் ஆண்டுக்கான அறிக்கையின்படி, அந்த ஓராண்டில் உலகெங்குமிருந்து, வெளியிடும் முன் நடக்கும் பரிசீலனைக்கு வந்த சமர்ப்பிப்புகள் சுமார் 61 லட்சம். அவற்றில் ஏறத்தாழ 16 லட்சத்து 80 ஆயிரம் நிராகரிக்கப்பட்டன. அதாவது நான்கில் ஒன்றுக்கும் மேல். அந்த நிராகரிப்புகளில் பெரும்பகுதி செயல்பாடு என்ற தலைப்பின்கீழ் வருபவை: செயலி பாதியில் நின்றுபோவது, முடிக்கப்படாத பக்கங்கள் இருப்பது, செயலியைச் சோதித்துப் பார்க்கும் பரிசீலகரால் உள்ளே நுழையவே முடியாமல் போவது போன்றவை. கூகுளும் கொள்கை மீறிய செயலிகள் 22 லட்சத்துக்கும் மேல் வெளியாகாமல் தடுத்ததாக 2023-ஆம் ஆண்டுக்கான கணக்கில் கூறியிருக்கிறது. இத்தனை லட்சங்களுக்கு நடுவே திருநெல்வேலியிலிருந்தோ ஈரோட்டிலிருந்தோ வரும் ஒரு செயலியைத் தேடிப் பிடித்து ஒதுக்க யாருக்கும் நேரமில்லை.

இந்தச் சோதனை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாட்டு மக்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கடன் செயலிகள் தொடர்பு எண்களையும் படங்களையும் அள்ளிக்கொண்டு, தவணை தவறியவரின் உறவினர்களுக்கும் அலுவலகத்தாருக்கும் அவதூறு அனுப்பிய கொடுமைகளைத் தங்கள் நாளிதழே தொடர்ந்து வெளியிட்டது. இந்தியாவில் 2022-இல் மட்டும் 3,500-க்கும் மேற்பட்ட தனிநபர் கடன் செயலிகள் மீது நடவடிக்கை எடுத்ததாகக் கூகுள் தெரிவித்தது. 2023 மே இறுதியிலிருந்து அத்தகைய செயலிகள் பயனரின் தொடர்புப் பட்டியலையோ படங்களையோ தொடவே கூடாது என்றும் விதித்தது. அந்த விதி இன்னும் முன்னதாகவே வந்திருக்கலாம் என்பதுதான் என் ஆதங்கம். பரிசீலனையே கூடாது என்று வாதிடுபவர்கள் இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

இனி, நம் ஊர்ச் செயலிகள் திரும்பி வருவதன் உண்மையான காரணங்களுக்கு வருகிறேன். இதைச் சற்று விரிவாக எழுதுவதற்குக் காரணம், தங்கள் கட்டுரையில் இந்தப் பகுதி ஒரு வரிகூட இல்லை என்பதே. நம் செயலிகள் பெரும்பாலும் கைப்பேசி எண்ணையும் அதற்கு வரும் ஓ.டி.பி.யையும் நம்பியே கட்டப்படுகின்றன. பரிசீலகரோ வெளிநாட்டில் இருப்பார். இந்திய எண் அவரிடம் இருக்காது. முதல் திரையிலேயே அவர் நின்றுவிடுவார். செயலியின் மீது எந்தக் குற்றமும் இல்லாமலே, உள்ளே நுழைய முடியவில்லை என்ற ஒற்றைக் குறிப்போடு அது திரும்பி வரும். பரிசீலனைக்கென்று ஒரு மாதிரி எண்ணையும், அந்த எண்ணுக்கு மட்டும் எப்போதும் மாறாத ஒரு ஓ.டி.பி.யையும் சர்வரில் அமைத்து, அவற்றைச் சமர்ப்பிப்புப் படிவத்தில் அதற்கென உள்ள கட்டத்தில் எழுதிவிட்டால் சிக்கல் தீர்ந்தது. யு.பி.ஐ. கட்டணமும் இப்படித்தான். அவரால் அதைச் சோதித்துப் பார்க்க முடியாது. பணம் செலுத்தும் முறையைத் திரைப்பதிவாக எடுத்து இணைத்துவிட வேண்டும். இவ்வளவு சிறிய ஏற்பாட்டைச் செய்யாமல், அதே செயலியை எதுவும் மாற்றாமல் மீண்டும் மீண்டும் அனுப்பிவிட்டு, அமெரிக்க நிறுவனம் தமிழர்களை ஒதுக்குகிறது என்று எழுதுவது நியாயமாகாது.

பயிற்சி மையங்களின் செயலிகளில் வேறொரு முடிச்சு இருக்கிறது. ஆப்பிளின் விதிப்படி, ஓர் ஆசிரியர் ஒரே ஒரு மாணவருக்கு நேரலையில் பாடம் நடத்தினால் அதற்கான கட்டணத்தை யு.பி.ஐ. உட்பட எந்த வழியிலும் வாங்கிக்கொள்ளலாம். அதே ஆசிரியர் நாற்பது மாணவர்களுக்கு ஒரே நேரத்தில் நடத்தினாலோ, பதிவு செய்த பாடங்களைச் செயலிக்குள் விற்றாலோ, ஆப்பிளின் கட்டண முறையைத்தான் பயன்படுத்த வேண்டும். அதற்குரிய பங்கையும் ஆப்பிளுக்குக் கொடுக்க வேண்டும். டி.என்.பி.எஸ்.சி. பயிற்சி, நீட் பயிற்சி என்று நம் ஊரில் நடப்பவை அனைத்தும் இரண்டாவது வகை. இந்த விதி சரியா என்பது தனி விவாதம். தனிப்பட்ட முறையில் எனக்கு இதில் மன நிறைவு இல்லை, ஏனென்றால் கரும்பலகைக்கு முன்னால் ஒருவர் இருப்பதற்கும் நாற்பது பேர் இருப்பதற்கும் ஆப்பிளின் உழைப்பில் என்ன வேறுபாடு என்று எனக்குப் புரியவில்லை. ஆனால் விதி ஒளிவுமறைவின்றி எழுதப்பட்டிருக்கிறது. கட்டணத் திட்டம் வகுக்கும் முன்பே அதைப் படித்திருந்தால், மாணவர் சேர்க்கை தொடங்கும் வாரத்தில் செயலி முடங்கிக் கிடக்க வேண்டியதில்லை. துணிக்கடையில் புடவை விற்பதற்கோ உணவகத்தில் சாப்பாடு விற்பதற்கோ இந்த நிபந்தனை கிடையாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய பொருளுக்கு யு.பி.ஐ. தாராளமாகச் செல்லும்.

நகைச்சீட்டுச் செயலிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரே செயலியை எழுதி, பெயரையும் வண்ணத்தையும் மட்டும் மாற்றிப் பல நகைக்கடைகளுக்கு விற்பது எங்கள் தொழிலில் வழக்கம். இப்படி ஒரே வார்ப்புருவிலிருந்து எடுக்கப்பட்ட செயலிகளை, அந்த உள்ளடக்கத்துக்கு உரியவரே தம் சொந்தக் கணக்கிலிருந்து சமர்ப்பிக்க வேண்டும் என்பது ஆப்பிளின் விதி. எனவே ஒவ்வொரு நகைக்கடைக்காரரும் தம் பெயரில் கணக்குத் தொடங்க வேண்டும். நிறுவனக் கணக்கு என்றால் டன்ஸ் எண் என்ற பன்னாட்டு அடையாள எண் வாங்க வேண்டும். ஆண்டுதோறும் 99 டாலர் கட்ட வேண்டும். ஒரு சிறு ஊர்க் கடைக்காரருக்கு இது சுமைதான். ஆனால் வாடிக்கையாளரின் பணத்தைத் தவணையில் பெறும் கடை எது, அதற்குப் பொறுப்பானவர் யார் என்பது செயலியின் பக்கத்திலேயே தெரிய வேண்டாமா? நகைச்சீட்டில் ஏமாந்தவர்கள் காவல் நிலைய வாசலில் நிற்கும் செய்திகள் அடிக்கடி வரும் ஒரு மாநிலத்தில், இந்த விதியின் மீது எனக்கு வருத்தம் இல்லை.

ப்ளே ஸ்டோரில் நம்மவர்கள் அதிகம் அடிபடும் இடம் அரசு சார்ந்த தகவல் செயலிகள். பட்டா, சிட்டா, வாக்காளர் பட்டியல், ரேஷன் அட்டை விவரம் ஆகியவற்றை எளிதாகப் பார்க்க உதவுவதாகச் சொல்லும் தனியார் செயலிகள் ஏராளம். அரசுத் தகவலைத் தரும் தனியார் செயலி, தான் அரசைச் சேர்ந்ததல்ல என்று தெளிவாகச் சொல்ல வேண்டும், தகவல் எந்த அரசுத் தளத்திலிருந்து எடுக்கப்பட்டது என்ற இணைப்பையும் தர வேண்டும் என்று கூகுள் கேட்கிறது. தமிழ்நாடு அரசின் கோபுரச் சின்னத்தையே தம் செயலியின் முகப்புப் படமாக வைத்துவிட்டு, ஏன் நீக்கினார்கள் என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். குறுஞ்செய்திகளையும் அழைப்புப் பட்டியலையும் படிக்கும் அனுமதிகள் 2019-இன் தொடக்கத்திலிருந்தே கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டுள்ளன என்பதையும், ஓ.டி.பி.யைத் தானாக நிரப்ப அந்த அனுமதி தேவையே இல்லாத வழிகள் உள்ளன என்பதையும்கூட நம்மில் பலர் இன்னும் கவனத்தில் கொள்ளவில்லை. கணக்குத் தொடங்க வசதி தரும் செயலி, அந்தக் கணக்கை அழிக்கவும் உள்ளேயே வசதி தர வேண்டும் என்பது ஆப்பிளில் 2022 ஜூன் 30 முதல் கட்டாயம். கூகுளும் பின்னர் அதையே கேட்கத் தொடங்கியது.

நிராகரிப்பு வந்துவிட்டால் என்ன செய்வது என்பதையும், இத்தொழிலுக்குப் புதிதாக வரும் தங்கள் இளம் வாசகர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். ஆப்பிளிலிருந்து வரும் குறிப்பில் எந்த விதி மீறப்பட்டது என்பதன் எண் இருக்கும். பெரும்பாலும் பரிசீலகர் பார்த்த திரையின் படமும் இருக்கும். அந்த எண்ணுக்குரிய பத்தியை ஆங்கிலத்தில் முழுமையாகப் படித்த பிறகே நிரலில் கைவைக்க வேண்டும். பரிசீலகர் ஏதோ ஒன்றைத் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார் என்று தோன்றினால், புதிய பதிப்பு அனுப்பாமல் அதே உரையாடலில் பதில் எழுதலாம். அதற்கும் மேலே ஒரு மேல்முறையீட்டுக் குழு இருக்கிறது. பரிசீலனைப் பிரிவினரோடு நேரம் குறித்துக்கொண்டு காணொளியில் பேசும் வாய்ப்பையும் ஆப்பிள் தருகிறது. பதிலில் கோபம் வேண்டாம். எங்கே சொடுக்கினால் எது திறக்கும், அந்த அனுமதி எதற்காகக் கேட்கப்படுகிறது என்பதை வரிசையாக எழுதினால் போதும். கேமரா தேவை என்று மட்டும் எழுதினால் ஏற்க மாட்டார்கள். மாணவர் தம் விடைத்தாளைப் படமெடுத்து ஆசிரியருக்கு அனுப்புவதற்காகக் கேமரா தேவை என்று எழுதினால் ஏற்பார்கள்.

கூகுளில் நிலைமை சற்று வேறு. அங்கே நிராகரிப்பு, நீக்கம், இடைநிறுத்தம், கணக்கு முடிப்பு என்று முக்கியமான நான்கு படிகள் உள்ளன. ஒரு புதுப்பிப்பு நிராகரிக்கப்பட்டால் ஏற்கெனவே உள்ள பழைய பதிப்பு தொடர்ந்து கிடைக்கும். கணக்கின் நற்பெயருக்கும் பாதிப்பு இல்லை. ஆனால் செயலி இடைநிறுத்தப்பட்டால் அது கணக்கின் மீது விழும் கரும்புள்ளி. அது மீண்டும் மீண்டும் நேர்ந்தால் கணக்கே முடிக்கப்படும். அப்போது நண்பர் பெயரிலோ மனைவி பெயரிலோ புதுக் கணக்குத் தொடங்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். தொடர்புடைய கணக்கு என்ற காரணம் காட்டி அதையும் முடித்துவிடுவார்கள். அந்த நண்பரின் பிழைப்பும் சேர்ந்து போகும். தனிநபர் கணக்கை 2023 நவம்பர் 13-க்குப் பிறகு தொடங்கியவர்கள், குறிப்பிட்ட எண்ணிக்கையிலான சோதனையாளர்கள் தொடர்ந்து 14 நாட்கள் செயலியில் இணைந்திருந்ததைக் காட்டிய பிறகே பொதுவெளியீட்டுக்கு விண்ணப்பிக்க முடியும். முதலில் 20 பேர் என்றிருந்தது; 2024 டிசம்பரில் 12 பேராகக் குறைத்தார்கள். இந்த விதி வந்த பிறகு, பணம் வாங்கிக்கொண்டு சோதனையாளர்களை ஏற்பாடு செய்து தரும் ஒரு தனி வியாபாரமே முளைத்திருக்கிறது என்பது வேறு கதை.

இதுவரை எழுதியதைப் படித்துவிட்டு, அந்த இரு பெருநிறுவனங்களுக்காக நான் வக்காலத்து வாங்குவதாகத் தாங்கள் நினைக்கக்கூடும். என் மனக்குறை தொடங்குவது இங்கிருந்துதான். விதி தெளிவாக இருந்து, மீறல் எது என்று சுட்டிக்காட்டப்பட்டு, திருத்த அவகாசமும் கிடைத்தால் யாருக்கும் குறையில்லை. பல நேரங்களில் வருவது அப்படிப்பட்ட கடிதம் அன்று. எங்கள் வாடிக்கையாளர் ஒருவரின் செயலி, ஆண்டுக்கணக்காகச் சிக்கலின்றி இயங்கி வந்தது, ஒரு நாள் ஒரு ஸ்டோரிலிருந்து நீக்கப்பட்டது. வந்த மின்னஞ்சலில், பயனரைத் தவறாக வழிநடத்தும் நடத்தை என்ற பொதுத் தலைப்பும், ஒரு நீண்ட கொள்கைப் பக்கத்துக்கான இணைப்பும் மட்டுமே இருந்தன. எந்தத் திரை, எந்தச் சொல், எந்தப் படம் என்று கேட்டு எழுதிய கடிதத்துக்கு, முன்னர் வந்த அதே பத்திகள் வரிசை மாறாமல் திரும்பி வந்தன. கீழே ஒரு மனிதரின் முதற்பெயர் மட்டும் இருந்தது. அவர் மனிதர்தானா என்பதை அறிய எங்களுக்கு வழியில்லை. சந்தேகப்படத்தக்க எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு அனுப்பி, ஒரு கட்டத்தில் செயலி ஏற்கப்பட்டது. எதை எடுத்ததால் ஏற்கப்பட்டது என்பது இன்றுவரை எங்களில் யாருக்கும் தெரியாது. இருட்டறையில் கறுப்புப் பூனையைத் தேடச் சொல்லி, அங்கே பூனை உண்டா என்பதையும் சொல்ல மறுப்பது போன்ற நிலை இது. இடைப்பட்ட காலத்தில் அந்த வாடிக்கையாளரின் கடைக்கு வந்திருக்க வேண்டிய வாராந்தர ஆர்டர்கள் வேறு இடங்களுக்குப் போயின.

வலிமை உள்ளவர்களுக்கு இந்த இருட்டு விரைவிலேயே விலகுகிறது என்பதைக் கடந்த பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலான செய்திகள் காட்டுகின்றன. பத்திரிகைத் துறையில் உள்ள தங்களுக்கு முதல் எடுத்துக்காட்டு சுவையாக இருக்கும். அமெரிக்கக் கேலிச்சித்திரக்காரர் மார்க் ஃபியோர் 2009 டிசம்பரில் அனுப்பிய செயலியை, பொது வாழ்வில் உள்ளவர்களைக் கேலி செய்கிறது என்று காரணம் சொல்லி ஆப்பிள் திருப்பியது. கேலிச்சித்திரம் வேறு என்னதான் செய்யும்? அடுத்த ஏப்ரலில் அவருக்கு அமெரிக்கப் பத்திரிகைத் துறையின் உயர் விருதான புலிட்சர் பரிசு கிடைத்தது, செய்தி பரவியது, மீண்டும் அனுப்புமாறு ஆப்பிளே கேட்டுக்கொண்டு ஏற்றது. 2008-இல் திறக்கப்பட்ட ஆப் ஸ்டோருக்கான பரிசீலனை விதிகள் பொதுவில் அச்சேறியது அதற்கும் பிறகு, 2010 செப்டம்பரில்தான் என்பது நினைவில் கொள்ளத்தக்கது. இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக, எழுதிக் காட்டாத சட்டத்தின்படி தீர்ப்பு வழங்கப்பட்டு வந்தது.

2020 ஜூனில் ஹே என்ற மின்னஞ்சல் செயலியின் பிழைதிருத்தப் பதிப்பை, ஆப்பிளின் கட்டண முறையைச் சேர்க்கவில்லை என்பதற்காக ஆப்பிள் மறுத்தது. அதன் உரிமையாளர்கள் ஊரறிந்தவர்கள், வெளிப்படையாகச் சண்டையிட்டார்கள். ஒரு வாரத்துக்குள் சமரசம் ஏற்பட்டது மட்டுமல்ல, விதியையே எதிர்த்து முறையிடலாம், சட்டச் சிக்கல் இல்லாத மீறல்களுக்காகப் பிழைதிருத்தப் பதிப்புகளை இனி நிறுத்திவைக்க மாட்டோம் என்று ஆப்பிள் அறிவித்தது. இன்று எங்களைப் போன்றவர்கள் பயன்படுத்தும் அந்த இரு வசதிகளும் அந்தக் கூச்சலில் விளைந்தவை. அதே ஆண்டு ஆகஸ்டில், வலைத்தளம் உருவாக்க உதவும் வேர்ட்பிரஸ் செயலிக்கு இதே போன்ற தடை வந்தபோது, அதன் நிறுவனர் பொதுவெளியில் எழுதிய மறுநாளே ஆப்பிள் மன்னிப்புக் கேட்டது. 2021 ஜனவரி இறுதியில் எலிமென்ட் என்ற அரட்டைச் செயலியைக் கூகுள் நீக்கியது. உலகெங்கும் செய்தியாகி, ஏறத்தாழ ஒரு நாளில் வருத்தம் தெரிவித்துத் திருப்பி வைத்தது. கேட்பாரற்ற ஒரு செயலிக்கு மறுநாள் மன்னிப்பு வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

நம் நாட்டில் 2024 மார்ச் 1 அன்று நடந்ததைத் தங்கள் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட மேட்ரிமோனி நிறுவனத்தின் திருமணத் தகவல் செயலிகளும், வேலைவாய்ப்புத் தகவல் தரும் நௌக்ரி, திருமணத் தகவல் தரும் ஷாதி போன்றவையும் ப்ளே ஸ்டோரிலிருந்து நீக்கப்பட்டன. அது பரிசீலனையில் எழுந்த சிக்கல் அன்று. கூகுள் கேட்கும் சேவைக் கட்டணம் பற்றிய தகராறு. அந்த நிறுவனங்கள் சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றன. உச்ச நீதிமன்றம் இடைக்காலப் பாதுகாப்புத் தர மறுத்த பின்னரே கூகுள் அவற்றை நீக்கியது. ஆனாலும் மத்திய தகவல் தொழில்நுட்ப அமைச்சர் தலையிட்டார், பேச்சு நடந்தது, சில நாட்களில் அவை திரும்ப வந்தன. அந்த நிறுவனங்களுக்கு நல்லதே நடந்தது. அமைச்சரின் கதவு திறக்கும் அளவுக்குப் பெரிதல்லாத ஒரு செயலி அதே நாளில் நீக்கப்பட்டிருந்தால், அதன் உரிமையாளர் யாரைப் போய்ப் பார்த்திருப்பார்?

அவருக்கென்று எழுதப்பட்ட ஒரு சட்டம் ஐரோப்பாவில் இருக்கிறது. 2020 ஜூலை 12 முதல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றிய ஒழுங்குமுறையின்படி, ஒரு வணிகரின் சேவையைக் கட்டுப்படுத்தும்போதோ இடைநிறுத்தும்போதோ, செயலிக் கடை போன்ற இணையத் தளம் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். முற்றாக முடிப்பதென்றால் பொதுவாக 30 நாட்கள் முன்னதாகச் சொல்ல வேண்டும். கட்டணமில்லாத புகார் ஏற்பாடு இருக்க வேண்டும். தீராவிட்டால் அணுகுவதற்கு நடுவர்களின் பெயர்களையும் ஒப்பந்தத்திலேயே குறிப்பிட வேண்டும். அதற்கடுத்து வந்த டிஜிட்டல் சேவைகள் சட்டம் இன்னும் ஒரு படி மேலே சென்று, முடிவு இயந்திரத்தின் துணையோடு எடுக்கப்பட்டதா என்பதையும் அந்தக் கடிதத்தில் சொல்லச் சொல்கிறது; புகாரின் மீதான முடிவைத் தகுதியுள்ள ஊழியரின் மேற்பார்வை இன்றி இயந்திரம் மட்டுமே எடுக்கக் கூடாது என்கிறது. ஆப் ஸ்டோரும் ப்ளே ஸ்டோரும் அங்கே மிகப் பெரிய தளங்களாகவே வகைப்படுத்தப்பட்டுள்ளன. ஆகவே, காரணம் எழுதித் தருவது நடைமுறைக்கு ஒவ்வாதது என்று அந்த நிறுவனங்கள் சொல்ல முடியாது. அங்கே செய்வதை இங்கேயும் செய்யச் சொல்லித்தான் கேட்கிறோம்.

இந்தியாவில் இருப்பவை துண்டு துண்டானவை. சந்தையில் நியாயமான போட்டியைக் காக்கும் இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் ப்ளே ஸ்டோர் கட்டண முறை தொடர்பாகக் கூகுளுக்கு 936 கோடி ரூபாய்க்கும் மேல் அபராதம் விதித்தது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2025 மார்ச்சில் அதை 216 கோடியே 69 லட்சமாகக் குறைத்தது. இந்த வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நடப்பவை. அடுத்த வாரம் கடை திறக்க வேண்டியவருக்கு உதவாதவை. தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, ஒரு பயனரின் புகாரைப் புகார் அலுவலர் 24 மணி நேரத்தில் பதிவு செய்து, குறித்த நாட்களுக்குள் தீர்க்க வேண்டும். அதற்கு மேல் அரசு அமைத்த மேல்முறையீட்டுக் குழுக்கள் 2023 முதல் இயங்குகின்றன. சமூக ஊடகத்தில் ஒருவரது பதிவு நீக்கப்பட்டால் செல்லும் வழி அது. பல குடும்பங்களின் வருமானம் சார்ந்திருக்கும் ஒரு செயலி நீக்கப்பட்டால் செல்லும் வழி அதே அளவு தெளிவாக எழுதப்படவில்லை. 2024 மார்ச்சில் வெளியான டிஜிட்டல் போட்டிச் சட்ட வரைவில், பெருந்தளங்கள் தம்மைச் சார்ந்த வணிகர்களிடம் நியாயமாகவும் வெளிப்படையாகவும் நடக்க வேண்டும் என்ற கடமை இருக்கிறது. ஆனால் நியாயம், வெளிப்படை என்ற பெருஞ்சொற்கள் மட்டும் இருந்தால் வழக்கறிஞர்களுக்குத்தான் வேலை. எந்தத் திரையில் எந்த மீறல் என்று குறிப்பிட்ட எழுத்துபூர்வமான காரணம், மேல்முறையீட்டுக்குப் பெயரும் பொறுப்பும் உள்ள ஒரு மனிதரின் பதில், அந்தப் பதிலுக்கு ஒரு கால வரம்பு என்று வரைவிலேயே எழுதிவிட வேண்டும். மோசடியும், கைப்பேசிக்குத் தீங்கு செய்யும் தீம்பொருளும் விதிவிலக்காக இருக்கட்டும். அவற்றுக்கு முன்னறிவிப்புத் தேவையில்லை, பின்னர் காரணம் சொன்னால் போதும்.

கூடுதலாக ஒன்று. ப்ளே ஸ்டோரில் செயலியின் விவரப் பக்கத்தைத் தமிழில் எழுத முடியும், நாங்கள் எழுதுகிறோம். அந்த உள்ளடக்கத்தின் மீது குற்றம் சாட்டி ஒரு முடிவு வரும்போது, மேல்முறையீட்டையாவது தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் பார்க்க வேண்டும் என்று கேட்பது பேராசை அன்று. கிராமியக் கலைகளைப் பற்றிய ஒரு செயலியில் உள்ள ஒப்பாரிப் பாடல்களை வன்முறை என்றோ, சித்த மருத்துவக் குறிப்புகளைச் சட்டத்துக்குப் புறம்பான மருந்து விற்பனை என்றோ இயந்திரம் எடுத்துக்கொண்டால், அதை மறுத்துச் சொல்ல எதிரில் மொழி தெரிந்த ஒருவர் இருக்க வேண்டுமல்லவா? சந்தையில் போட்டி வந்தால் இது தானாகச் சரியாகும் என்கிறார்கள். ஃபோன்பே நிறுவனம் 2024 பிப்ரவரியில் இண்டஸ் ஆப்ஸ்டோரைப் பன்னிரண்டு இந்திய மொழிகளோடு தொடங்கியது, வரவேற்கிறேன். ஆனால் எங்கள் வாடிக்கையாளர்களில் எவரும் செயலி எங்கே கிடைக்கும் என்ற கேள்விக்கு ப்ளே ஸ்டோர் என்பதைத் தவிர வேறு பதிலை ஏற்பதில்லை. ஐபோன் வைத்திருப்பவருக்கோ நம் நாட்டில் ஆப் ஸ்டோரைத் தவிர வேறு பதிலே கிடையாது.

சட்டம் வரும்வரை மாநில அரசு செய்யக்கூடியது ஒன்று உண்டு. தமிழ்நாடு அரசின் ஸ்டார்ட்அப் டி.என். அமைப்பு புதிய நிறுவனங்களுக்கு நிதியும் வழிகாட்டலும் தருகிறது. அங்கே இந்த இரு ஸ்டோர்களின் விதிகளையும் நன்கு அறிந்த சிலரை அமர்த்தி, நிராகரிப்புக் கடிதத்தோடு வருபவருக்கு அதைப் படித்து விளக்கவும், தவறு செயலியில் இருந்தால் அதைச் சொல்லவும், முடிவு தவறாக இருந்தால் மேல்முறையீட்டை ஒழுங்கான ஆங்கிலத்தில் எழுதித் தரவும் ஒரு பிரிவு தொடங்கலாம். அந்தப் பிரிவு தன்னிடம் வரும் கடிதங்களை, உரியவர்களின் ஒப்புதலோடு, பெயர்களை நீக்கி ஆண்டுதோறும் வெளியிட்டால், எத்தனை நிராகரிப்புகளுக்கு உண்மையில் காரணம் சொல்லப்பட்டது, எத்தனைக்குச் சொல்லப்படவில்லை என்பது டிஜிட்டல் போட்டிச் சட்டத்தை எழுதுபவர்களின் மேசைக்கு ஆவணமாகவே போய்ச் சேரும். தங்கள் வணிகப் பக்க நிருபர் அடுத்த முறை ஸ்டார்ட்அப் டி.என். அதிகாரிகளைச் சந்திக்கும்போது, இதைச் செய்ய அவர்களுக்கு என்ன தடை என்று கேட்டு எழுதுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
செயலி வடிவமைப்பாளர் ஒருவர்,
பீளமேடு, கோயம்புத்தூர்.